லோயஸ்ட் கொட்டேஷன்

பர்ச்சேஸ் செக்‌ஷன் ஆசாமி யாரையாவது நடு ராத்திரியில் தட்டி எழுப்பிக் கேளுங்கள். ‘மூணு கொட்டேஷன் வாங்கு, எது குறைச்சலோ அதுக்கு ஆர்டர் போடு’ என்று தூக்கத்திலேயே சொல்வார். 1993-ல் நானும் அந்த ஜாதிதான். கர்நாடகத்தில் ஒரு தாது ஆலை (பெயர் எதற்கு? பழைய சிநேகிதர்கள் இன்னும் காபி வாங்கித் தருகிறார்கள்). பாறையை உடைத்து, அரைத்து, தண்ணீரில் அலசி, கனமான தாதுவைப் பிரித்தெடுப்பார்கள்.

அரைக்கிற வேலை ராட் மில்லுடையது. எட்டடி விட்டம், பன்னிரண்டடி நீளத்தில் ஓர் இரும்புப் பீப்பாயைப் படுக்க வைத்த மாதிரி இருக்கும். உள்ளே அதே நீளத்துக்குச் சற்றுக் குறைவாக, மூன்று அங்குல கனத்தில் இரும்புக் கழிகள். ஒவ்வொன்றும் 120 கிலோ. மொத்தம் முப்பது டன்னுக்கு மேல். பீப்பாய் நிமிஷத்துக்குப் பதினாறு சுற்று சுற்றும். கழிகள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு, நடுவில் மாட்டும் கல்லை நசுக்கும். வேகத்தைக் கன்னாபின்னாவென்று கூட்டினால் கழிகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு சும்மா ராட்டினம் ஆடும், கல் அப்படியே இருக்கும்.

“கழி எதுக்கு, இரும்புக் குண்டு போட்டா ஆகாதா?” என்று ஃபோர்மனைக் கேட்டேன். அவர் கோலார் தங்கவயல் தமிழர், மூணு தலைமுறையாகச் சுரங்கக் குடும்பம்.

“தம்பி, உங்க வீட்ல உப்புமாவுக்கு ரவை கேட்டா மைதா தருவாங்களா?”

விஷயம் அவ்வளவுதான். கழிகளுக்கு நடுவில் பெரிய கல் மாட்டினால் அது கழிகளைக் கொஞ்சம் விலக்கிப் பிடிக்கும். அந்த இடைவெளியில் பொடி தப்பித்துவிடும். முதல் அடி எப்போதும் பெரிசுக்குத்தான். (ஆபீஸில் நேர் எதிர்.) அதனால் ஒரே சீராக ரவை கிடைக்கும். குண்டு போட்டால் மாவாகிவிடும். மாவான தாது அலசும் தண்ணீரோடு போயே போய்விடும்.

வாரா வாரம் தேய்ந்த கழிக்குப் புதுக் கழி போடுவார்கள். இருபது டன்னுக்கு டெண்டர் என் மேஜைக்கு வந்தது. ஃபோர்மன் ‘ஹை கார்பன் ஸ்டீல்’ என்று எழுதியிருந்தார். ஒரு கம்பெனி சாதா மைல்ட் ஸ்டீலுக்குக் கிலோவுக்கு ஒன்றரை ரூபாய் குறைத்திருந்தது. இரும்பு இரும்புதானே? முப்பதாயிரம் மிச்சம். மேனேஜர் முதுகில் தட்டினார். நான் அன்றைக்கு மசால் தோசை சாப்பிட்டேன்.

மூணு மாசம் ஒன்றும் ஆகவில்லை. ஒரு திங்கட்கிழமை மில் வேறு மாதிரி சத்தம் போட்டது. நிறுத்திக் கதவைத் திறந்தார்கள். என்னையும் கூப்பிட்டு டார்ச்சைக் கையில் கொடுத்தார் ஃபோர்மன். உள்ளே இடியாப்பம். தேய்ந்து மெலிந்த கழிகள் வில்லாக வளைந்து, ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடந்தன.

“நல்ல கழி தேஞ்சா உடையும் தம்பி. துண்டு கல்லோட வெளியே வந்துடும். இது உடையாது, வளையும். வளைஞ்சது சும்மா இருக்காது, பக்கத்துல இருக்கறதையும் இழுத்துக்கும்.” திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இனி ஆள் உள்ளே போய் கேஸ் கட்டரால் அறுத்து எடுக்க வேண்டும். மோட்டார் சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்து, பையைப் பொத்தானால் மூடினார். மோட்டாருக்குப் பூட்டு உண்டு. பின்னிக் கிடக்கிற முப்பது டன்னுக்குப் பூட்டு ஏது? எந்தக் கழியை அறுத்தால் எது உருளும் என்று அவருக்கே தெரியாது. இரண்டு பேர் உள்ளே போனார்கள். ஒருத்தனுக்கு என் வயசு, கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நான் வாசலில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு கழி உருண்டது. அவனுடைய பூட்ஸ் நசுங்கியது. கட்டை விரல் எலும்பு முறிவு, ஆறு வாரம் கட்டு. கல்யாணத்தைத் தள்ளி வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். “சார், நீங்க எதுக்கு வந்தீங்க?” என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். அவனுக்கு விஷயம் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. அது இன்னும் உறுத்துகிறது.

நாலு நாள் மில் நின்றது. முப்பதாயிரம் எங்கே போயிற்று என்று யாரும் கணக்குக் கேட்கவில்லை, நான் போட்டுப் பார்த்தேன். அடுத்த டெண்டரில் ‘ஹை கார்பன்’ என்பதன் கீழ் சிவப்பு மையில் மூணு கோடு.

இப்போது புதிதாகக் கட்டுகிற பெரிய ஆலைகளில் ராட் மில் அபூர்வம். ஒரே ராட்சச மில், பெரிய கல்லை வைத்தே சின்னக் கல்லை அரைக்கிறது. கழி போட, எடுக்க ஆள் வேண்டாம்.

வளைந்த கழியில் ஒரு சாண் அறுத்து ஃபோர்மன் என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார், பேப்பர் வெயிட்டாம். வருஷக் கடைசியில் ஆடிட்டர் வந்தார்.

“இது எந்த ஹெட்ல வருது சார்? ஸ்டாக்ல காணோமே?”

“ஸ்கிராப்னு எழுதிக்குங்க” என்றேன். “பர்ச்சேஸ் செக்‌ஷன், ஒரு துண்டு.”