கன்னச் சிவப்பு

இரயிலே ஓடாத தீவில் இரயில்வே குமாஸ்தாவுக்கு என்ன வேலை என்று கேட்காத உறவினர் நமக்கு இல்லை. கப்பலிலோ விமானத்திலோ சென்னைக்குச் சென்று இறங்கும் அன்பர்கள், அங்கிருந்து மதுரைக்கும் இராமநாதபுரத்துக்கும் ஏறவேண்டிய வண்டிகளில் இங்கிருந்தே இடம் பதிந்து கொடுப்பது நம் தொழில். 2024 செப்டம்பரில் ஸ்ரீவிஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேயரில் உட்கார்ந்துகொண்டு, பெயர், வயது, தேதி, தொகை எனப் பட்டியல் எழுதியே பழகிய கை இது. அந்தக் கைக்குச் சென்ற திங்கள் ஒரு புதுமையான பட்டியல் வந்து வாய்த்தது. அதைப் பற்றியே இம்மாதம் எழுத எண்ணினோம்.

புரோத்ராபூரில் நமக்கு அடுத்த வீட்டார் இராமநாதபுரம் பக்கத்தவர். பாட்டனார் காலத்தில் கப்பலேறி வந்த குடும்பம். பெரியவர் அரசாங்கப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள், ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவ்வீட்டு அம்மாள் நம் வாயிலில் வந்து நின்று, "தம்பி, கொஞ்சம் வந்துவிட்டுப் போங்கள். அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு முற்றிவிட்டது" என்றார்.

சென்றோம். கூடத்தில் பாயின்மேல் ஒரு பெரிய பிஸ்கட் தகரப்பெட்டி திறந்து கிடந்தது. அதனுள்ளே வட்டச் சிமிழ்கள், சதுரச் சிமிழ்கள், குச்சிகள், குப்பிகள். அத்தனையும் கன்னத்தில் பூசும் சிவப்பு. முன்னாளில் 'ரூஜ்' என்றும் இன்றைய பெண்கள் 'பிளஷ்' என்றும் வழங்கும் அந்த ஒரு பொருளே அன்றி, மை இல்லை, பவுடர் இல்லை, உதட்டுச் சாயமும் இல்லை.

"தம்பி, நீங்கள் கணக்குத் தெரிந்தவர். இந்தத் தகரத்துக்குள் என் மகள் எவ்வளவு பணத்தைக் கொட்டியிருக்கிறாள் என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டிச் சொல்லுங்கள்" என்றார் பெரியவர்.

"எழுதுங்கள் அண்ணா. ஒன்றுவிடாமல் எழுதுங்கள்" என்றாள் மகள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். அப்போது நம் மனம் பெரியவர் பக்கமே சாய்ந்திருந்தது. ஒரு முகத்துக்கு இரண்டே கன்னங்கள்; அவற்றுக்கு 41 சிமிழ்களா என்றுதான் நாமும் எண்ணினோம். கட்டம் போட்ட தாளை எடுத்து, பெயர், நிறம், வாங்கிய ஆண்டு, விலை என நான்கு பத்திகள் கிழித்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

அப்பெண் சிமிழ்களை வரிசை வரிசையாக எடுத்து வைத்தாள். முதல் வரிசை முழுதும் வெளிர் ரோஜா நிறம். "இவை 12-ம் நான் தொடக்கத்தில் வாங்கியவை, அண்ணா. படத்தில் அழகாயிருந்தன. என் முகத்தில் பாருங்கள்" என்று ஒன்றைத் தொட்டுத் தன் முன்கையில் தீற்றிக் காட்டினாள். சிவப்பு தெரியவில்லை. சாம்பல் படிந்தாற்போல ஒரு வெண்மைதான் தெரிந்தது.

அதன் காரணத்தை அவளே விளக்கினாள். வெளிர்நிறத் தூள்களில் சாயம் சிறிது. வெள்ளைப் பொடிகளே மிகுதி. வெளுத்த தோலின்மேல் அவ்வெண்மை கண்ணுக்குத் தெரியாது. சாயம் மட்டும் தெரியும். நம்மைப் போன்ற மாநிறத்தார்க்கும் கறுத்த நிறத்தார்க்கும் அது தலைகீழாகிறது. சாயம் மறைந்து சுண்ணாம்பு நிற்கிறது. செங்கல் நிறம், நாவற்பழ நிறம், முற்றிய மாதுளை நிறம், அடர்ந்த காவி நிறம் ஆகியவையே நம் தோலில் சிவப்பாகத் தோன்றும். சிமிழில் பார்க்கும்போது அச்சமூட்டும் நிறம் கன்னத்தில் அளவாக அமைகிறது. சிமிழில் இனிதாகத் தோன்றுவது கன்னத்தில் சாம்பலாகிறது. இதைச் சொல்லித்தர அவளுக்கு யாருமில்லை. ஒவ்வொன்றாக வாங்கிப் பூசிப் பார்த்தே கற்றிருக்கிறாள்.

சிற்றெழுத்துகளைப் படிப்பது நம் தொழிலாதலின், சிமிழ்களின் அடியில் அச்சிட்டிருந்ததை ஊன்றிப் படித்தோம். பலவற்றில் 77491 என்ற எண் இருந்தது. அது இரும்பு ஆக்சைடின் சிவப்பு வகை. நம் ஊர்க் காவிக்கல்லுக்கு நிறம் கொடுப்பதும் அதுவே. நாம் குடியேறியுள்ள இத்தீவுகளின் ஆதிகுடிகளுக்கு அப்பொருள் நெடுங்காலப் பழக்கம். செம்மண்ணைக் கொழுப்பில் குழைத்து உடலில் பூசுவதும், வெண்களிமண்ணால் கோலமிடுவதும் அவர்கள் வழக்கமென்பதை, 1906 முதல் 1908 வரை இங்கு ஆராய்ந்த ராட்கிளிஃப்-பிரவுன் 1922-இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்துள்ளார். விழாவுக்கொரு பூச்சு, துக்கத்துக்கொரு பூச்சு, நோய்க்கொரு பூச்சு என அவர்கள் வகுத்திருந்தனராம். அழகுக்காக மட்டும் பூசுகிறோம் என்று வெட்கப்படுகிற நம்மைவிட அவர்கள் தெளிந்தவர்களோ என்று தோன்றிற்று.

வேறு சில சிமிழ்களில் 75470 என்ற எண் கண்டோம். அது 'கார்மைன்' என்னும் செஞ்சாயம். கள்ளிச் செடியில் ஒட்டிவாழும் கோச்சினீல் என்ற சிறு பூச்சியை உலர்த்தி எடுப்பது. ஒரு பவுண்டு உலர்ந்த பூச்சிக்கு ஏறக்குறைய 70,000 உயிர்கள் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. இதை நாம் உரக்கப் படித்ததுதான் தவறாயிற்று. வெள்ளிக்கிழமை தோறும் மாமிசம் தொடாத அம்மாள், "ஐயோ, பூச்சியையா கன்னத்தில் பூசிக்கொண்டு கோயிலுக்கு வந்தாய்?" என்று மகளைப் பார்த்துத் திகைத்துப்போனார். பட்டுச்சேலை எப்படி வருகிறதென்பதை நினைவூட்டினோம். ஒருவாறு அமைதியுற்றார்.

இப்பூச்சிக்கும் நம் சென்னைக்கும் ஓர் உறவு உண்டு. மெக்சிகோவிலிருந்து இச்சாயத்தை விற்று ஸ்பானியர் பெரும்பொருள் ஈட்டுவதைக் கண்டு, கும்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 1780-களின் இறுதியில் சென்னையில் அதனை உண்டாக்க முனைந்தார். பூச்சிக்கு உணவாகச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே அமைத்தார். 1795-இல் பிரேசிலிலிருந்து பூச்சி வந்து சேர்ந்தது. வந்ததோ வேறினம். நல்ல சாயம் கிட்டவில்லை. ஆனால் அவ்வினமே அடுத்த நூற்றாண்டில் தென்னிந்தியாவிலும், பின்னர் இலங்கையிலும், காடாய் மண்டியிருந்த ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியைத் தின்று அழித்து உழவருக்கு உதவிற்று. கன்னத்தைச் சிவக்க வைக்க வந்தது கழனியைத் துப்புரவாக்கிற்று. இன்று உலகுக்கு இச்சாயத்தை மிகுதியாக அளிப்பது பெரு நாடு.

நிற்க. பட்டியலில் 38-ஆவது சிமிழை எடுத்தபோது நம் எழுதுகோல் நின்றது. செங்கல் நிறம். மற்றவையெல்லாம் மேற்புறம் சற்றே தேய்ந்திருக்க, அது மட்டும் அடித்தகடு தெரியும்வரை வழித்தெடுக்கப்பட்டிருந்தது.

"இது மட்டும் ஏன் இப்படி?" என்றோம்.

"அக்கம்பக்கத்துக் கல்யாணங்களுக்கு எடுத்துப்போவது அதைத்தான், அண்ணா. நம் அக்காவுக்கும் அன்று அதைத்தானே பூசினேன்" என்றாள்.

அக்கா என்று அவள் குறித்தது நம் தங்கையை. இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லவேண்டியிருக்கிறது. சொல்ல நமக்குப் பெருமையில்லை.

நம் தங்கை நல்ல கறுப்பு. பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார், "பெண் லட்சணந்தான், நிறந்தான் சற்று மட்டு" என்று நாட்டிலிருந்து செய்தி அனுப்பினர். அவர்களுக்குத் தக்க விடை எழுதியிருக்க வேண்டிய நாம், அடுத்த முறை சென்னை சென்றபோது கடைவீதியில் ஒரு களிம்பு வாங்கிவந்தோம். இரண்டு வாரத்தில் நிறம் தெரியும் என்றான் கடைக்காரன். தெரியத்தான் தெரிந்தது. ஒரு திங்களில் முகம் வெளுத்தது கண்டு வீட்டில் மகிழாதவர் இல்லை. மூன்றாம் திங்கள் தோல் சிவந்து, அரித்து, உரிந்தது. களிம்பை நிறுத்தியபின் கன்னங்களில் திட்டுத்திட்டாய் முன்னிலும் கருமை படர்ந்தது.

தோல் மருத்துவர் டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். செய்தவர் விலாசம் இல்லை. சேர்ந்த பொருள்களின் பட்டியல் இல்லை. பொன், வெள்ளி நகைகளில் படாமல் பார்த்துக்கொள்க என்ற ஒரு குறிப்பு மட்டும் இருந்தது. பாதரசம் கலந்த களிம்புகளில் அவ்வாறு எழுதுவதுண்டு என்று சொல்லி, சிறுநீரகப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். கடவுள் அருளால் அதில் பழுதில்லை. தங்கை நம்மை ஒரு சொல் குறை கூறவில்லை. கூறியிருந்தால் சற்று ஆறுதலாயிருந்திருக்கும்.

பாதரசம் தோலில் கருநிறம் உண்டாவதைத் தடுக்கிறது, ஆகவே வெளுக்கிறது. அத்துடன் உடலுக்குள் புகுந்து சிறுநீரகத்தையும் நரம்பையும் தாக்குகிறது. கேரளத்தில் கோட்டக்கல் ஊர் மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தம்மிடம் வந்த ஒருவகைச் சிறுநீரக நோயாளர் 22 பேரை ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேருக்கு அந்நோயின் ஓர் அரிய வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுக்கும் களிம்பு பூசியவர்கள். பாதரசம் சேர்த்த ஒப்பனைப் பொருள்கள் அனைத்தையும் 2025-க்குள் ஒழிப்பதென மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-இல் முடிவு செய்தன. ஆனால் பெயரும் விலாசமும் அற்ற டப்பா எந்த உடன்படிக்கையையும் படிப்பதில்லை.

தங்கைக்குப் பின்னர் நல்லதோர் இடத்தில் திருமணம் கூடிற்று. அன்று விடியலில் அழகுநிலையத்து அம்மையார் வந்து அலங்கரித்துச் சென்றார். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். கண்ணாடியில் பார்த்த தங்கை, முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கையில் அழத் தொடங்கிவிட்டாள். அடுத்த வீட்டுப் பெண் ஓடிவந்து, எல்லாவற்றையும் கழுவச் செய்து, கைப்பையிலிருந்து ஏதோ ஒரு சிமிழை எடுத்து இரண்டு விரலால் தொட்டுத் தடவினாள். தங்கை வெளியே வந்தபோது, வெளுத்திருக்கவில்லை. அடுப்படியிலிருந்து எழுந்து வரும்போது நம் தாயார் முகம் எவ்வாறிருக்குமோ அவ்வாறிருந்தது. அந்தச் சிமிழ்தான் இந்த 38-ஆவது.

அன்று அந்த ஒன்றைத்தான் கண்டோம். அதைக் கண்டடைய அவள் கடந்துவந்த 37-ஐ இப்போதுதான் கண்டோம். நிறத்துக்கேற்ற சாயத்தைத் தேடினாள் அச்சிறுபெண். சாயத்துக்கேற்ற நிறத்தைத் தேடினோம், மெட்ரிகுலேஷன் தேறிய நாம்.

பெரியவர் கேட்டபடியே கூட்டிச் சொன்னோம். சிறு தொகை அன்று. ஆனால் அக்களிம்புக்கும் அதன் பின் மருத்துவத்துக்கும் நாம் செலவிட்டதைவிடக் குறைவு. அதையும் தாளின் அடியில் எழுதிக் காட்டினோம். பெரியவர் நெடுநேரம் பேசவில்லை.

மகள் பக்கத்துத் தவற்றையும் சொல்லாமல் விடவில்லை. சிமிழின் அடியில் திறந்த சாடி போன்ற ஒரு சிறு படமும், அதனுள் 12 அல்லது 24 என்ற எண்ணும் இருக்கும். திறந்தபின் அத்தனை மாதங்களே அதனைப் பயன்படுத்தலாம் என்பது பொருள். ஆண்டின் பெரும்பகுதி மழையும் ஈரமுமாயிருக்கும் இத்தீவில் அவ்வெண்ணை மதித்தே ஆகவேண்டும். குழைவாயுள்ளவை சிக்கு நாற்றம் எடுத்திருந்தன. இரண்டு தூள்களில் பூசணம் கண்டிருந்தது. 14 சிமிழ்களை எறிய அவள் இசைந்தாள். ஒவ்வொன்றையும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டே எறிந்தாள். நாம் பட்டியலில் அவற்றின்மேல் கோடிழுத்தோம். மீதி 27.

நேயர்களே, நம் வீடுகளில் பெண்மக்கள் எதையேனும் சேர்த்து வைத்திருந்தால், கணக்குக் கேட்குமுன் கதையைக் கேளுங்கள். விலாசமற்ற களிம்பு எதையும் வாசற்படி ஏறவிடாதீர்கள். மணமகளை அலங்கரிக்க வருபவரிடம், கழுத்தின் நிறமே முகத்துக்கும் இருக்கட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நாம் விடைபெற்று எழுந்தபோது, பெரியவர் அந்தத் தேய்ந்த சிமிழை எடுத்துக் கண்ணருகில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயிற்படி வரை வந்து, மகள் காதில் விழாதபடி, "தம்பி, இதே நிறத்தில் இன்னொன்று இங்கே கிடைக்குமா? இல்லையென்றால் சென்னைக்கு யாராவது டிக்கெட் எடுக்க வருவார்கள் அல்லவா, அவர்களிடம் சொல்லலாமா?" என்று கேட்டார்.

சொல்லி அனுப்பியிருக்கிறோம்.