பழுதைப் படிப்போம்!



நம் பாலிடெக்னிக் வண்டி ஷெட்டைக் கொஞ்சம் பாருங்கள். அங்கே நிற்கும் பைக்குகளில் பல நம்மைவிட வயதில் மூத்தவை. அப்பாவோ மாமாவோ ஓட்டிக் களைத்தவை. அது கைக்கு வந்ததும் நாம் முதலில் செய்வது என்ன? ஸ்டிக்கர் ஒட்டுகிறோம், ஹேண்டில்பாரை மாற்றுகிறோம், சைலன்சரை வெட்டுகிறோம்! பிரேக் ஷூ தேய்ந்தது மட்டும் கண்ணில் படுவதில்லை. முதலில் பழுதைப் பார்ப்போம், அழகைப் பிறகு பார்ப்போம் என்பது என் கருத்து. இதைச் சொல்ல உனக்கென்ன தகுதி என்று கேட்கிறீர்களா? நானும் தப்பு செய்தவன்தான்!

என் அப்பா குளச்சலில் மீன் எடுத்து, திங்கள்சந்தை பக்கம் ஊர் ஊராக விற்பவர். வண்டி 1998 மாடல் பஜாஜ் எம்80. 1986-இல் அறிமுகமான இந்த வண்டிக்குக் கியர் கையில். பக்கத்துக் கேரளத்தில் 2024 ஆகஸ்ட் வரை லைசென்ஸ் டெஸ்டில் பலர் 'எட்டு' போட்டதும் இதில்தான். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். என் ஃபீஸைக் கட்டியது இந்த வண்டி.

போன வருஷம் வண்டி மேட்டில் இழுக்கவில்லை. "ஆட்டோமொபைல் படிக்கேன்லா, நான் பாத்துக்கிடுதேன்" என்று வீரமாகச் சொன்னேன். எஞ்சினைப் பிரித்து, போர் பண்ணி, புது பிஸ்டனும் ரிங்கும் போட்டேன். 2,400 ரூபாய் போயிற்று. நாலு நாள் வியாபாரமும் போயிற்று. வண்டியோ பழையபடியே திணறியது! அப்பா திட்டவில்லை. "வண்டி நின்னா நிக்கட்டும் மக்களே, மீனு நிக்காதுல்லா" என்று மட்டும் சொன்னார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் ஊர்ப் பட்டறை ஆசானிடம் உருட்டிக்கொண்டு போனேன். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. வண்டியை ஸ்டார்ட் செய்து, சைலன்சர் வாயில் கையைக் காட்டிப் பார்த்தார். "மூக்க அடச்சிக்கிட்டு ஓடச் சொன்னா நீ ஓடுவியாலே?" என்றார். சைலன்சரைக் கழற்றித் தீயில் காட்டித் தட்டினார். கட்டி கட்டியாகக் கரி! பெட்ரோலோடு எரியும் ஆயில், வருஷக்கணக்காக அங்கே படிந்திருந்தது. கூலி 150 ரூபாய்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சின் படத்தை அம்புக்குறி போட்டு வரைந்து மார்க் வாங்கியவன் நான். புகையின் அம்புக்குறி எங்கே போய் முடிகிறது என்று யோசிக்கவில்லையே!

நண்பர்களே, மட்டமான ஸ்பேர் வாங்குவது சிக்கனம் ஆகாது. நோயைச் சரியாகக் கண்டுபிடிப்பதே சிக்கனம். காசில்லாத சோதனைகளை முதலில் செய்யுங்கள். பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். ஏர் ஃபில்டரைத் தட்டுங்கள். நம் கடற்கரை உப்புக்காற்றுக்கு ஸ்போக்கும் ரிம்மும் சீக்கிரம் துருப்பிடிக்கும். நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் டியூப்பையும் கெடுக்கும். டியூப்பைப் பார்த்து மாற்றுங்கள்.

அப்படியானால் வண்டியை மாற்றி அமைக்கவே கூடாதா? அப்பா மீன்பெட்டிக்குப் போட்ட கேரியரும் ஒரு மாற்றம்தான், அது தேவைக்கு. ஆனால் டூ ஸ்ட்ரோக்கில் புதுக் கலவை வெளியே ஓடாமல் தடுப்பதில் சைலன்சருக்கும் பங்குண்டு. அதை வெட்டினால் சத்தம் கூடும், இழுவை குறையும்! மேலும் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி சொன்ன விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 15 வருஷம் கடந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். 300 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ஆனது. 20 வருஷம் தாண்டிய பைக்குகளுக்கு 2025-இல் 2,000 ஆக்கிவிட்டார்கள். ஆர்.டி.ஓ. முன்னால் கோலம் மாறிய வண்டியோடு நின்றால் நஷ்டம் யாருக்கு?

நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு சனிக்கிழமை நம் ஒர்க்‌ஷாப்பைத் திறந்து, நம் வீட்டு வண்டிகளை நாமே பழுது பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். பட்டறை ஆசான்களையும் அழையுங்கள். அவர்களிடம் டிப்ளமோ இல்லை. ஆனால் நம் சிலபஸில் இல்லாத பாடம் அவர்கள் கையில் இருக்கிறது.

பழையதைப் பழிக்க வேண்டாம் நண்பர்களே, பழுதைப் படிப்போம்!

— இரண்டாமாண்டு ஆட்டோமொபைல் மாணவன்