வீட்டில் பிறந்த விமானம்



சென்ற பள்ளி விடுமுறையில் என் சகோதரியின் குடும்பத்தாருடன் கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குச் சென்றிருந்தேன். கோமுகி அணை கீழே தெரியும் ஒரு வளைவில் வண்டியை நிறுத்தினோம். மருமகன் காகித விமானம் ஒன்றை மடித்துப் பள்ளத்தாக்கை நோக்கி எறிந்தான். அது தலையைத் தூக்கி, ஒரு கணம் தயங்கி, அவன் காலடியிலேயே விழுந்தது. சகோதரியின் தலைத்துணியிலிருந்து குண்டூசி ஒன்றை வாங்கி, அதன் மூக்கில் குத்திக் கொடுத்தேன். மறுமுறை அது வெகுதூரம் மிதந்து சென்றது.

"மாமா, உண்மையான விமானத்தையும் வீட்டிலேயே செய்ய முடியுமா?" என்றான்.

முடியும், செய்தும் இருக்கிறார்கள். தாங்களும் அறிந்துகொள்வது நலம் என்பதால் இம்மாதம் அதனையே எழுதுகிறேன்.

கேரளத்துத் தொடுபுழைப் பகுதியைச் சேர்ந்தவர் சஜி தாமஸ். பிறவியிலேயே கேட்கவும் பேசவும் இயலாதவர். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ரப்பர் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டர்களைச் சிறுவயதில் கண்டதிலிருந்து அவருக்குப் பறக்கும் இயந்திரங்களின்மீது தீராத மோகம். அதைத் தேடி மும்பை வரை சென்றார். பின்னர் ஊர் திரும்பி, ஏறத்தாழ 5 ஆண்டுகள் உழைத்து, இருவர் அமரும் இலகுரக விமானம் ஒன்றை உருவாக்கினார். 14 இலட்ச ரூபாய் வரை செலவானதாகப் பத்திரிகைகள் எழுதின. ஒரு சாதாரணக் குடும்பத்தில் அத்தொகை எதை எதையெல்லாம் தள்ளிப்போட வைக்கும் என்பதை நம் இல்லத்தரசிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அவ்விமானம் 2014-ஆம் ஆண்டில் வானில் ஏறியது நம் தமிழ் மண்ணில்தான். நெல்லைச் சீமையின் மணிமுத்தாறில், விமானப்படையில் விங் கமாண்டராக இருந்து ஓய்வுபெற்ற எஸ்.கே.ஜே. நாயர் அதற்குத் துணைநின்றார். வானொலியில் பேசவும் கேட்கவும் இயலாதவருக்கு ஆகாயம் எளிதில் வழிவிடுவதில்லை. அமெரிக்காவில்கூடச் செவிப்புலன் அற்றோர், வானொலி தேவைப்படாத வான்பகுதிகளில் மட்டுமே விமானம் ஓட்டலாம். பள்ளிப் படிப்பை முடிக்காத ஒருவர் தம் கையால் முடுக்கிய ஆணிகளை நம்பி, ஆயுள் முழுதும் விமானத்தோடு பழகிய ஒருவர் உதவ முன்வந்தாரே, அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

அந்த நம்பிக்கை குருட்டு நம்பிக்கையாக இருத்தல் ஆகாது. குண்டூசிக்கு மீண்டும் வருகிறேன். விமானத்தின் மூன்று சக்கரங்களையும் மூன்று தராசுகளின்மேல் நிறுத்தி எடை பார்ப்பார்கள். பெட்ரோலும் ஓட்டுபவரும் சேர்ந்தபின் எடையின் மையம் எங்கே விழுகிறது என்று கணக்கிடுவார்கள். அது வரம்பு கடந்து பின்னால் போனால் மூக்கு நிமிரும், வேகம் குறையும், இறக்கைகள் தாங்கும் வலுவை இழக்கும். பிறகு வால் எவ்வளவு முயன்றாலும் மூக்கைக் கீழிறக்காது. 9-ஆம் நூற்றாண்டுக் குர்துபாவில் இறக்கை கட்டிப் பறந்த அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் இறங்கும்போது காயமுற்றதற்கு, அவர் வால் வைத்துக்கொள்ளாததே காரணம் என்று பிற்கால வரலாற்றாசிரியர் அல்மக்கரீ எழுதியிருக்கிறார்.

மும்பையின் அமோல் யாதவ் கதை வேறு. அவர் தொழிலாலேயே விமானி. காந்திவலிப் பகுதியில் தம் குடும்பம் வாழும் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஆறு பேர் அமரும் விமானத்தைக் கட்டினார். 2016 பிப்ரவரியில் மும்பைக் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. அரசுப் பதிவு கிடைத்ததோ 2017 நவம்பரில். ஆம், நம் நாட்டில் பதிவும் அனுமதியும் இன்றி எவரும் பறந்துவிட முடியாது. ஆர்வமுள்ள பிள்ளைகளின் பெற்றோர் இதை மனத்தில் கொள்க. அமெரிக்காவில் விதி சற்றுத் தாராளம்: விமானத்தின் பெரும்பகுதியைத் தானே செய்தவர் அதைச் சொந்தத் தயாரிப்பாகப் பதிவு செய்யலாம். ஆயினும் முதல் 25 அல்லது 40 மணி நேரப் பறத்தல் சோதனைக்கே உரியது. அதுவரை மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு உலாப்போக இயலாது.

"அப்படியானால் இங்கிருந்தே பறக்கலாமே!" என்றான் மருமகன். வேண்டாம் என்றேன். மலையைத் தாண்டி வீசும் காற்று மறுபக்கச் சரிவில் கீழ்நோக்கிப் பாயும். சிறிய எஞ்சினால் அதை எதிர்த்து ஏற முடியாது. போதாக்குறைக்கு, உயரத்திலும் வெயிலிலும் காற்று இலேசாகிவிடுவதால் தரையில் நெடுந்தூரம் ஓடிய பிறகே விமானம் எழும்பும். நம் மாவட்டத்து உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஓடுதளம் அமைத்தார்கள். அவ்வாறான சமவெளியே இதற்கு ஏற்ற இடம்.

அவன் சமாதானம் அடையவில்லை. இரண்டாவது விமானத்தை மடித்துக்கொண்டு தன் தாயாரிடம் போய் நின்றான். என் சகோதரியோ தலைத்துணியைப் பற்றிக்கொண்டு, "இருப்பது இன்னும் ஒரே ஊசி, அது கிடைக்காது" என்று சொல்லி வண்டியில் ஏறிவிட்டாள்.