சுற்றினால் திறக்காத ஜன்னல்

கே.ஜி.கண்டிகையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: ‘மாடி அறையில் மேல்பக்கம் கீல் வைத்த கண்ணாடி ஜன்னல். சென்னையில் இடித்த ஒரு பங்களாவிலிருந்து மாமனார் வாங்கி வந்து பொருத்தியது. உள்ளே கைப்பிடியைச் சுற்றினால் கீழ்ப்பக்கம் வெளியே தள்ளித் திறக்கும். இப்போது கைப்பிடிதான் சுற்றுகிறது, ஜன்னல் அசையவில்லை. பெயர்த்துவிட்டு யுபிவிசி போடச் சொல்கிறார்கள். மாமியார் படுக்கும் அறை. வெயிலுக்கு முன் முடிக்க வேண்டும்.’

கோடையில் 100 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டிய ஊர்களின் பட்டியலில் திருத்தணி அடிக்கடி வருவதைப் பார்த்திருப்பீர்கள். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில் ஜன்னல் திறக்காவிட்டால் ராத்திரியிலும் சூடு இறங்காது. இந்த வகை ஜன்னலை மழையிலும் திறந்து வைக்கலாம். சாய்ந்து நிற்கும் கண்ணாடியே சாரலைத் தடுக்கும். பெயர்த்து எறியச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

முதலில் கைப்பிடியைக் கழற்றுங்கள். பக்கவாட்டில் சின்னத் திருகு இருக்கும். உள்ளே பல் வெட்டிய தண்டு தெரியும். அதை கட்டிங் பிளேயரால் பிடித்துத் திருப்புங்கள். ஜன்னல் நகர்ந்தால் தேய்ந்தது கைப்பிடிதான், செலவு அதோடு போயிற்று. நகராமல் கரகரவென்று சத்தம் வந்தால் பெட்டிக்குள் கியர் பல் போய்விட்டது.

உள்ளே இருப்பது வார்ம் கியர். மரை போட்ட தண்டு பல்சக்கரத்தைச் சுற்றும். சக்கரத்தால் தண்டைச் சுற்ற முடியாது. அதனால்தான் காற்று தள்ளினாலும் ஜன்னல் நிறுத்திய இடத்திலேயே நிற்கிறது. (இப்போது வீணைகளில் வைக்கிறார்களே கியர் பிருடை, அதுவும் இதே சங்கதிதான்.)

கியர் தானாகப் போவது குறைவு. கீல் துருப்பிடித்திருக்கும், இல்லையென்றால் வருஷா வருஷம் பொங்கலுக்கு அடித்த பெயின்ட் ஜன்னலைச் சட்டத்தோடு ஒட்டியிருக்கும். நாம் பலம் கொடுத்துச் சுற்ற, பாவம், பல் உடைகிறது. கீலைச் சரிசெய்யாமல் புதுப் பெட்டி போட்டால் அதுவும் சீக்கிரமே போய்விடும்.

கழற்றும்போது இரண்டு பேர் வேண்டும். பெட்டியின் திருகுகளை எடுத்ததும் ஜன்னலைக் கையால் மெதுவாக வெளியே தள்ளுங்கள். கைகளின் நுனியில் உள்ள உருளைகள் ஜன்னலின் அடியில் இருக்கும் தகட்டுப் பள்ளத்தில் ஓடும். பள்ளத்தில் வெட்டு விட்ட இடம் வந்ததும் அவை கழன்றுவிடும். அந்த நொடியில் ஜன்னலுக்குப் பிடிமானமே கிடையாது, படீரென்று விழுந்து மூடும். முன்பே ஒரு மரக்கட்டையைச் சந்தில் முட்டுக்கொடுத்து, நைலான் கயிற்றால் கிரில்லில் கட்டிவிடுங்கள். விரலும் கண்ணாடியும் தப்பும்.

புதுப் பெட்டி உள்ளூர்க் கடையில் கிடைக்குமா என்றால், சந்தேகம்தான். பழைய கட்டடச் சாமான் விற்பவர்களிடம் கேட்கலாம், ஆன்லைனில் தேடலாம். கையின் நீளம், திருகு ஓட்டைகளுக்கு இடையே உள்ள தூரம், ஒரு கையா இரண்டு கையா என்பது மூன்றும் பொருந்த வேண்டும். போட்டோவை மட்டும் நம்பாமல் ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் பழைய சக்கரத்தை நல்ல லேத் பட்டறையில் காட்டுங்கள், செய்து தர முடிகிறதா என்று பார்ப்பார்கள்.

ஓட்டை போட்ட கம்பி ஸ்டே மாட்டினால் போதாதா என்று தச்சர் கேட்பார். விலை குறைவுதான். ஆனால் கொசுவலை உள்பக்கம் இருந்தால், திறக்க மூட ஒவ்வொரு முறையும் வலையை விலக்க வேண்டும். வலையைத் தொடாமல் திறக்கத்தான் இந்தச் சுற்றுகைப்பிடியே. இரவில் மாமியார் எழுந்து மூடுவார் என்றால் ஸ்டே வேண்டாம்.

மரச்சட்டத்தில் திருகு ஓட்டை பெரிதாகியிருந்தால், பசை தடவிய மூங்கில் குச்சியை அடித்து, காய்ந்தபின் திருகுங்கள். கியருக்கு கிரீஸ், கீலுக்கு மெஷின் ஆயில். தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். அடுத்த பொங்கலுக்குப் பெயின்ட் அடிக்க வருபவரிடம், கீலில் பிரஷ் படக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.