கிழிந்த சட்டையின் விலை

முத்திரை சேர்ப்போரை நாம் அறிவோம். பழைய நாணயம் சேர்ப்போரையும் அறிவோம். தீப்பெட்டிப் படங்களைக் கொப்பியில் ஒட்டி வைத்து மகிழ்ந்த சிறுவர் ஒரு காலத்தில் நம் ஊர்தோறும் இருந்தனர். ஆனால், வேர்வைக் கறை படிந்து, முழங்கையிற் கிழிந்து, தையல் போடப்பெற்ற பழைய விளையாட்டுச் சட்டையைப் பொன்னினும் மேலாகப் போற்றுவோரும் உளர் என்றால் வாசகர் நகைத்தல் கூடும். நகைக்குமுன் அவர்தம் கதையையும் சற்றே கேட்போமாக.

ஹொக்கி என்றதும் நாம் புற்றரை ஆட்டத்தையே எண்ணுவோம். கனடா நாட்டவர்க்கோ அச்சொல் வேறொன்றைக் குறிக்கும். உறைந்த பனித்தரையிலே, சப்பாத்தின் அடியில் உருக்குத் தகடு பூட்டிச் சறுக்கியோடி, கறுத்த றப்பர் வட்டொன்றை வளைந்த மட்டையால் அடித்தாடும் ஆட்டமே அவர்கள் ஹொக்கி. நம்மவர் பல்லாயிரவர் குடியேறி வாழும் ரொறன்ரோ நகரில் அவ்வாட்டத்துக்கெனப் புகழ் மண்டபம் ஒன்று உண்டு. 1943 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அது, 1993 முதல் பழைய வங்கிக் கட்டடமொன்றிலே இயங்குகின்றது. வீரர் பிடித்த மட்டைகளும் அணிந்த சட்டைகளும் அங்கே கண்ணாடிப் பேழைகளில் வைக்கப்பட்டுள்ளன.

முற்காலத்து ஆட்டச் சட்டைகள் கம்பளியால் ஆனவை. இன்றுபோல் ஒருவருக்குப் பல சட்டைகள் கொடுக்கும் வழக்கம் அன்றில்லை. கிழிந்தால் தைத்து மீண்டும் அணிவர். பருவம் முடிந்ததும் அவை பயிற்சிக்கோ, கீழ்நிலை அணிகளுக்கோ போய்ச் சேரும். அங்கே நைந்து கந்தையாகி மறைந்தவையே பெரும்பாலன. எஞ்சியவை மிகச் சிலவாதலின் அவற்றைத் தேடுவோர் பலராயினர்.

தேடுவோர் பெருகின் ஏய்ப்போரும் பெருகுவர். ஒரு சட்டை மெய்யாகவே களத்திற் புகுந்ததுதானா என்பதை எவ்வாறு அறிவது? சேகரிப்போர் கையாளும் முறை சுவையானது. அக்காலத்துப் புகைப்படத்தை அருகில் வைத்துக்கொண்டு, கிழிசல் எவ்விடத்தில் உள்ளது, தையல் எப்பக்கம் சாய்ந்துள்ளது, இலக்கம் எத்தனை விரற்கடை கோணலாகப் பொருத்தப்பட்டுள்ளது என்று ஒவ்வொன்றாக ஒப்பு நோக்குவர். மாசு மறுவற்ற சட்டையையே அவர்கள் முதலிற் சந்தேகிப்பர். மற்றைய பொருள்களில் விலையைக் குறைக்கும் பழுது, இங்கே சாட்சியாக நின்று விலையை உயர்த்துகின்றது.

கையொப்பத்தின் கதையும் இத்தகையதே. அச்சிட்ட ஒப்பமும் உண்டு. வீரர்க்காகப் பிறர் இட்ட ஒப்பமும் உண்டு. பத்தாண்டுகள் மொன்றியல் அணிக்குத் தலைமை தாங்கிய ஜான் பெலிவோ, இரசிகர் எவர் கேட்பினும் ஒவ்வோர் எழுத்தும் தெளிவுற ஒப்பமிடுவார் எனப் பெயர் பெற்றவர். ஆதலால் அவர் ஒப்பம் பலரிடம் உண்டு. பில் பரில்கோவின் நிலை வேறு. 1951 ஏப்ரல் 21 ஆந் திகதி ரொறன்ரோ அணிக்கு ஸ்ரான்லி கிண்ணத்தை ஈட்டித்தந்த கோலைப் போட்டவர் அவர். நான்கு மாதங்களின் பின் மீன்பிடிக்கச் சென்று திரும்புகையில் அவர் ஏறிவந்த சிறு விமானம் காணாமற் போயிற்று. அப்போது அவருக்கு வயது 24. விமானத்தின் சிதைவுகள் 1962 இலேதான் கண்டெடுக்கப்பட்டன. அவர் கைபட்ட ஒரு தாளை இன்று தேடி அலைவோர் எத்துணை பேர்!

இவை யாவற்றினும் நம் நெஞ்சைத் தொடுவது எயிஸ் பெய்லியின் வரலாறு. 1933 டிசம்பர் 12 ஆந் திகதி பொஸ்ரன் நகரில் நடந்த ஆட்டத்தில், எடி ஷோர் என்பார் பின்னாலிருந்து மோதியதனால் பெய்லி தலை அடிபட வீழ்ந்தார். சத்திர சிகிச்சையால் உயிர் தப்பினாராயினும் அவர் மீண்டும் ஆடவில்லை. அவருடைய உதவிக்கென 1934 பெப்ரவரி 14 ஆந் திகதி ரொறன்ரோவில் ஆட்டமொன்று ஏற்பாடாயிற்று. ஆடவந்தோர்க்கெல்லாம் அன்றைய சட்டையைப் பெய்லியே தம் கையால் வழங்கினார். ஷோரின் முறை வந்தபோது அரங்கம் மூச்சடங்கி நின்றது. இருவரும் கைகுலுக்கினர், அரங்கம் அதிர ஆரவாரம் எழுந்தது. அன்று வழங்கப்பெற்ற சட்டையொன்றை இன்று கையிலெடுப்பவர் வெறும் கம்பளியையா எடுக்கின்றார்? ஒரு மனிதன் இன்னொரு மனிதனை மன்னித்தமைக்குச் சான்றையன்றோ எடுக்கின்றார்!

இத்தகைய பொருள் யாரிடம் இருத்தல் வேண்டும் என்பதிலேதான் சிக்கல். 1972 செப்ரெம்பர் 28 ஆந் திகதி மொஸ்கோவில், ஆட்டம் முடிய 34 விநாடிகளே இருக்கையில், சோவியத் அணிக்கெதிராக வெற்றிக் கோலைப் போட்டவர் போல் ஹென்டர்சன். அவர் அணிந்த சட்டை பல கை மாறி, 2010 இல் ஏலத்துக்கு வந்தது. பன்னிரண்டு இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் கொடுத்து அதை வாங்கிய கனடியர், நாட்டு மக்கள் காணவென ஊர் ஊராகக் கொண்டு சென்றார். பெருவீரர் மொறிஸ் றிஷார் 2000 ஆம் ஆண்டில் மறைந்தபின், அவர் குடும்பத்தார் வசமிருந்த நினைவுப் பொருள்களிற் பலவற்றை 2002 இல் அரசாங்கமே வாங்கித் தேசிய நூதனசாலையிற் சேர்த்தது.

இதற்கு மாறான செயலும் நடைபெறுகின்றது. வீரர் அணிந்த சட்டையை விலைக்கு வாங்கி, சிறு சிறு துண்டுகளாக வெட்டி, படச்சீட்டுகளிற் பதித்து விற்கும் வணிகம் 1990 களின் பிற்பகுதியிலிருந்து வளர்ந்து வந்துள்ளது. ஏழை இரசிகனுக்கும் ஒரு துண்டு கிட்டுகின்றதே என்பர் அதன் சார்பினர். நாம் அதனை ஒப்போம். கிழிசலும் தையலும் ஓரிடத்தில் இருக்கும் வரையிலேதான் சட்டை சாட்சி சொல்லும். துண்டானபின் விற்றவன் சொல்லே சாட்சியாகின்றது.

நம் வீடுகளிலும் பாட்டனார் வென்ற பதக்கமோ, பேரனார் அணிந்த கல்லூரித் தொப்பியோ பெட்டியின் அடியிற் கிடத்தல் கூடும். அது எவருடையது, எந்த ஆட்டத்தில், எந்த ஆண்டில் என்பதை அறிந்தவர் வீட்டில் இன்னும் இருப்பாராயின், வாசகர் இன்றே அவரைக் கேட்டு ஒரு தாளில் எழுதி, திகதியிட்டு, அவர் கையொப்பத்தையும் வாங்கி அப்பொருளுடன் வைப்பாராக. அவர் போனபின் அதைச் சொல்ல எவருமிலர்.