ஏலத்தில் எழும் ஆரவாரம்

புரோ கபடிப் போட்டிக்கு வீரர்களை ஏலம் எடுக்கும் நாள்களில் பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துத் தேநீர்க் கடைகளில் சூடுபிடிப்பது அப்பேச்சே. "இவ்வாண்டுக் கோப்பை தமிழ் தலைவாசுக்குத்தான்" என்னும் தீர்ப்பு, முதல் ஆட்டத்திற்குச் சில திங்கள் முன்னரே எழுதப்பட்டுவிடுகிறது.

2017இல் சச்சின் டெண்டுல்கரின் பங்குரிமையோடு களம் புகுந்தது அவ்வணி. நாமும் ஆர்ப்பரித்தோம். கிடைத்ததோ தன் பிரிவில் கடைசி இடம். 2018இலும் அவ்வாறே, 2019இல் 12 அணிகளுள் 12ஆம் இடம். ஆயினும் ஆர்வம் குன்றவில்லை. அதனை நம் மக்களின் பெருந்தன்மை என்பதா, மறதி என்பதா?

2022ஆம் ஆண்டு நினைவில் நிறுத்தத் தக்கது. பவன் செராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தனர். அந்நாள்வரை அப்போட்டியில் எவர்க்கும் கிட்டாத விலை அது. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு வெளியேறிய அவர், அப்பருவம் முழுதும் ஆடவில்லை. எல்லாம் முடிந்தது என்றிருந்த வேளையில், எவரும் பேசாதிருந்த புதுமுகம் நரேந்தர் பாடிப் பாடிப் புள்ளிகளைக் குவித்தார். அணி முதன்முறையாக அரையிறுதி கண்டது. ஏலத்தொகை இதில் எதனையும் முன்னறிவிக்கவில்லை.

நாம் குறை கூறுவது ஆர்வத்தையன்று. அது செல்லும் திசையையே. பொங்கலையொட்டி நம் ஊர்களில் விளக்கொளியில் நடக்கும் கபடியில் எத்தனை நரேந்தர்கள்! அவர்கள் ஆடுவது மண்ணில். தொழில்முறைப் போட்டி நடப்பதோ விரிப்பில். தேர்வுக்குச் செல்லும் இளைஞன் காலணியோடு விரிப்பில் கால் ஊன்றித் திரும்பப் பழகுமுன் தேர்வே முடிந்துவிடுகிறது. அணியின் பெயர் பொறித்த பனியன் வாங்கும் பணத்தில் ஒரு பகுதியைத் திரட்டினால், ஜெயங்கொண்டத்திலும் லெப்பைக்குடிக்காட்டிலும் ஊருக்கொரு விரிப்பேனும் போடலாம். அடுத்த ஏலத்திற்குமுன் அதற்கு நேரமிருக்கிறது.