முதற்பதிப்பை மறைக்கலாமா?



திரைப்படங்கள் கொட்டகையை விட்டு வீட்டுக்குள் வரத் தொடங்கி ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகிறது. 1976இல் ஜப்பானில் விஎச்எஸ் வீடியோ கேசட் விற்பனைக்கு வந்தது. 1990களின் பிற்பகுதியில் டிவிடியும், 2006இல் புளூ-ரேயும், 2016இல் அதைவிட நான்கு மடங்கு புள்ளிகளைக் கொண்ட 4கே புளூ-ரேயும் வந்தன. இப்பொழுதோ கையில் பிடிக்க ஒரு பொருளுமின்றி, இணையத்தின் வழியாகவே படம் வந்து சேருகிறது. வடிவம் மாறுந்தோறும் அதே படம் செப்பனிடப்பட்டு, புதிய உறையில், புதிய பெயரில் மறுபடியும் விற்கப்படுகிறது.

ஒரே படத்தை நான்கு முறை விலை கொடுத்து வாங்குவது ஆசையின் கண்ணி என்று பிரசங்கிப்பது எளிது. அதில் உண்மையும் உண்டு. ஆயினும் இந்த வாரம் நாம் சிந்திக்க வேண்டியது அதனினும் ஆழமான ஒரு கேள்வி என்று எண்ணுகிறேன். புதிய பதிப்பு வரும்போது பழைய பதிப்பு என்னவாகிறது?

1977இல் வெளியான ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ஹான் சோலோ என்று ஒருவன் வருகிறான். அவன் கடத்தல் தொழில் செய்பவன்; கடனாளி; பணமே குறியானவன். அவனைப் பிடித்துக்கொடுத்துப் பரிசு பெறும்படி வந்த கிரீடோ என்பவன் ஒரு மதுக்கடையில் துப்பாக்கியை நீட்டுகிறான். ஹான் மேசைக்கு அடியிலிருந்து அவனைச் சுட்டுக் கொன்றுவிட்டு எழுந்து போகிறான். மக்கள் கொட்டகையில் கண்ட காட்சி இதுவே.

1997இல் இயக்குநர் ஜார்ஜ் லூக்காஸ் ‘சிறப்புப் பதிப்பு’ ஒன்றை வெளியிட்டார். அதில் கிரீடோ முதலில் சுடுகிறான். ஹான் தற்காப்புக்காகவே சுடுகிறான். 2004இல் வந்த டிவிடியில் இருவரும் ஏறக்குறைய ஒரே நொடியில் சுடுகிறார்கள். 2019இல் இணையத்தில் வந்த பதிப்பில் அக்காட்சி மறுபடியும் திருத்தப்பட்டது. இவ்வாறு ஒரு கணநேரக் காட்சி, இருபதாண்டுகளுக்கு மேலாகத் திரும்பத் திரும்ப வெளுக்கப்பட்டது.

லூக்காஸின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். பணமும் தொழில்நுட்பமும் போதாமையால் 1977இல் தம் மனதில் இருந்ததை முழுமையாக எடுக்க இயலவில்லை என்பது அவர் வாதம். படைத்தவருக்குத் தம் படைப்பைத் திருத்த உரிமை உண்டு. அதை நான் மறுக்கவில்லை. என் மறுப்பு வேறு. திருத்திய பதிப்பைக் கொடுத்ததோடு நில்லாமல், முந்தையதைக் கண்ணுக்கு எட்டாதபடி ஒதுக்கியதே பிழை. 2006இல் பழைய வடிவம் டிவிடியில் இணைப்பாக ஒருமுறை தரப்பட்டது. அதுவும் 1993இன் லேசர் டிஸ்க்குக்காக ஆயத்தம் செய்த நாடாவிலிருந்து எடுக்கப்பட்ட மங்கலான படி. அதன்பின் வந்த புளூ-ரேயிலும் 4கேயிலும் அதற்கு இடம் இல்லை. 2025இல் லண்டனில் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் 1977ஆம் ஆண்டின் ஒரு படச்சுருளைத் திரையிட்டபோது, அதுவே செய்தியாயிற்று.

இதே லூக்காஸ் 1988இல் அமெரிக்கப் பாராளுமன்றக் குழுவின் முன் நின்று, பழைய படங்களை உரிமையாளர்கள் இஷ்டம்போல் மாற்றுவதற்கு எதிராக வாதாடியவர். மூலப்படங்கள் வருங்காலச் சந்ததிக்காகக் காக்கப்பட வேண்டும் என்று அன்று அவர் கேட்டுக்கொண்டார். அந்த வேண்டுகோள் நியாயமானது. அது அவருடைய படங்களுக்கும் பொருந்தும்.

இங்கே வடிவங்களின் மரணத்தையும் நாம் கவனிக்க வேண்டும். வீடியோ கேசட் கருவியைக் கடைசிவரை உற்பத்தி செய்துவந்த ஜப்பானிய நிறுவனமாகிய புனாய் 2016இல் அதை நிறுத்திவிட்டது. கேசட்டின் காந்தப் பூச்சு ஆண்டுகள் செல்லச் செல்லத் தேயும். கருவி இல்லாதபோது பழைய பதிப்பு இருந்தும் இல்லாததாகிறது. ஆகவே புதிய வடிவத்துக்கு எதை மாற்றுகிறோமோ அதுவே அடுத்த தலைமுறைக்கு உண்மையாகிறது. அலமாரியில் இருக்கும் வட்டை ஒருவரும் நம்மை அறியாமல் திருத்த முடியாது. இணையத்தில் இருக்கும் படமோ ஓர் இரவில், அறிவிப்பின்றி, மாறிவிடக்கூடும். 1971ஆம் ஆண்டின் ‘பிரெஞ்ச் கனெக்‌ஷன்’ படத்துக்கு 2023இல் அப்படியே நேர்ந்தது. இனவெறிச் சொல் இடம்பெற்ற ஒரு பகுதி, பார்ப்போருக்கு ஒரு குறிப்பும் இல்லாமல் நீக்கப்பட்டிருந்தது. அச்சொல் இழிவானது, ஐயமில்லை. ஆனால் அது பேசப்பட்டது என்பதை மறைத்தால், அந்தக் காலம் இருந்ததைவிடச் சுத்தமாகத் தோன்றும்.

நேர்மையாய் நடந்துகொண்டவர்களும் உண்டு. 1982இல் வெளிவந்த ‘பிளேட் ரன்னர்’ படத்தின் இறுதிப் பதிப்பை ரிட்லி ஸ்காட் 2007இல் வெளியிட்டபோது, அதற்கு முந்தைய வடிவங்களையும் சேர்த்து ஐந்து வடிவங்கள் ஒரே பெட்டியில் கிடைத்தன. ஸ்டீவன் ஸ்பில்பெர்க் ‘ஈ.டி.’ படத்தின் இருபதாம் ஆண்டுப் பதிப்பில், குழந்தைகளைத் துரத்தும் அதிகாரிகளின் கைகளிலிருந்த துப்பாக்கிகளை வாக்கி-டாக்கிகளாக மாற்றினார். பின்னர் அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று வெளிப்படையாகச் சொன்னார். 2012இன் புளூ-ரேயில் 1982இன் படமே வந்தது.

இது திரைப்பட இரசிகர்களின் சண்டைதானே, இதில் நமக்கென்ன என்று கேட்பீர்கள். ஹான் சோலோவின் கதை எப்படி முடிகிறது என்று பாருங்கள். கூலியை வாங்கிக்கொண்டு புறப்பட்டுப் போனவன், நண்பன் சாகும் தறுவாயில் திரும்பி வருகிறான். பணத்துக்காக வாழ்ந்தவன் உயிரைப் பணயம் வைக்கிறான். ஆரம்பத்தில் அவனை நல்லவனாக்கிவிட்டால் முடிவில் அவன் மாறுவதற்கு என்ன இருக்கிறது? கறையை நீக்க முயன்றவர்கள் மனமாற்றத்தின் அருமையையும் சேர்த்தே குறைத்துவிட்டார்கள்.

வேதாகமம் இதற்கு நேர்மாறான வழியில் செல்கிறது. தாவீதின் வரலாறு நமக்கு இரண்டு பதிப்புகளாகக் கிடைத்திருக்கிறது என்றே சொல்லலாம். 2 சாமுவேல் 11ஆம் அதிகாரம் பத்சேபாளையும் உரியாவையும் குறித்து ஒளிவுமறைவின்றி எழுதுகிறது. 1 நாளாகமம் 20ஆம் அதிகாரம் அதே ரப்பா யுத்தத்தைச் சொல்லியும், அந்தப் பாவத்தைச் சொல்லாமல் கடந்துபோகிறது. நாளாகமம் தன் நோக்கத்துக்கேற்ப வேறுவிதமாய் எழுதப்பட்டது, அது தவறன்று. ஆனால் பின்னையதை வைத்துக்கொண்டு முன்னையதை ஒருவரும் எரித்துவிடவில்லை. இரண்டும் ஒரே வேதாகமத்துக்குள் இருக்கின்றன. மத்தேயுவும் இயேசுவின் வம்சவரலாற்றில் உரியாவின் பெயரை விடாமல் எழுதிவைத்தார். பேதுரு சபையின் தூணான பின்பும் அவருடைய மறுதலிப்பு நான்கு சுவிசேஷங்களிலும் நிலைத்திருக்கிறது. அது இல்லாவிட்டால் கடற்கரையில் மூன்று முறை கேட்கப்பட்ட அந்தக் கேள்விக்குப் பொருளே இராது.

மன்னிப்பு வேறு, மறைப்பு வேறு. மன்னிப்பு நடந்ததை நடந்தது என்று ஒப்புக்கொண்டு, அதன்மேல் இரக்கத்தை வைக்கிறது. மறைப்பு நடக்கவேயில்லை என்கிறது. நடக்காத ஒன்றுக்கு மன்னிப்பு எதற்கு?

பிரியமானவர்களே, நம்மில் பலர் வீடுகளில் திருமணக் கேசட்டுகளும் சபை விழாக்களின் கேசட்டுகளும் கருவியின்றிக் கிடக்கின்றன. அவற்றைக் காலம் தாழ்த்தாமல் புதிய வடிவத்துக்கு மாற்றுங்கள். மாற்றும்போது, இப்பொழுது பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பாவையும், சபையை விட்டுப் போன குடும்பத்தையும் வெட்டிவிடச் சொல்லாதிருங்கள். அன்று அவர்கள் நம்மோடு நின்றார்கள். சுருக்கிய பதிப்பு ஒன்று வேண்டுமானால் தனியே செய்துகொள்ளலாம். முழுப்பதிவு அப்படியே இருக்கட்டும். பிள்ளைகள் ஒருநாள் அதைப் பார்த்து, இவர் யார் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியே ஒப்புரவாகுதலுக்கு வாசலாகலாம்.

நாம் சொல்லும் சாட்சிகளும் அப்படியே. ஆண்டுகள் செல்லச் செல்ல நம்முடைய கதையில் முதலில் சுட்டது எப்போதும் மற்றவனாகவே மாறிவிடுகிறது. கர்த்தர் நம்மை எங்கேயிருந்து தூக்கியெடுத்தாரோ, அந்த இடத்தை உள்ளபடியே சொல்லும் தைரியத்தை இந்த வாரம் அவர் நமக்குத் தருவாராக. ஆமென்.